சேலம், நாமக்கல் மாவட்ட ஈழத்தமிழர் முகாம்களில் சிறார் நலம்: கல்வியும் குடியுரிமையும்

முன்னுரை

'போரால் பாதிக்கப்பட்ட குழந்தை' என்னும் தொடர் போரை நேரில் கண்ட குழந்தையையே பெரிதும் குறிக்கிறது. தமிழக முகாம்களில் பிறந்து, போரையே காணாத ஈழத்தமிழ்ச் சிறாரும் அதன் விளைவைச் சுமக்கின்றனர். சேலம், நாமக்கல் மாவட்ட முகாம்களை முன்வைத்து இவர்களுக்குக் கிட்டிய கல்வி உதவியையும் கிட்டாத உரிமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வருகையும் குடியமர்வும்

1983 சூலைக் கலவரத்திற்குப் பின்னும், 1990, 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் போர் தீவிரமடைந்தபோதும் ஏதிலியர் இராமேசுவரம் கரையை அடைந்தனர். மண்டபம் முகாமில் பதிவுசெய்யப்பட்ட பின் பலர் உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சேலத்தில் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி, நாமக்கல்லில் பரமத்தி முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன.

கல்வி உதவி

முகாம் பிள்ளைகள் பெரும்பாலும் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் பயின்றனர். பயிற்றுமொழி தமிழாக இருந்ததால் மொழித்தடை எழவில்லை. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமின் படித்த இளைஞரைக் கொண்டு மாலை வகுப்புகளை நடத்தியது. 1991இல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின் கல்விச் சேர்க்கையும் தொண்டு நிறுவனங்களின் முகாம் நுழைவும் கட்டுப்படுத்தப்பட்டன. உதவி அரசின் பரிவைச் சார்ந்ததேயன்றி உரிமையாக நிலைபெறவில்லை என்பதற்கு இதுவே சான்று.

குடியுரிமைச் சிக்கல்

1987 சூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அந்நாள் முதல் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். ஆகவே, ஒரே முகாமில், ஒரே தாய்க்குப் பிறந்த அக்காளும் தம்பியும் சட்டத்தின்முன் வேறுவேறு நிலையினராகலாம். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. பட்டம் பெற்றும் அரசுப்பணிக்கு விண்ணப்பிக்க இயலாத நிலையில், முகாம் இளைஞர் பலர் வண்ணம் பூசும் கூலிவேலைக்கே செல்கின்றனர். இதைக் காணும் இளையோர் இடைநிற்பதைக் கல்வி ஆர்வமின்மை எனக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 22ஆம் உறுப்பு ஏதிலிக் குழந்தையின் பாதுகாப்பையும், 39ஆம் உறுப்பு போரால் பாதிக்கப்பட்ட குழந்தை மீண்டும் சமூகத்தில் இணைவதையும் வலியுறுத்துகின்றன. 2021 ஆகத்தில் தமிழக அரசு 108 முகாம்களில் வாழும் 58,822 பேருக்காக ரூ.317.40 கோடித் திட்டங்களை அறிவித்து, கல்வி உதவித்தொகையையும் உயர்த்தியது. முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டது. பெயரிலுள்ள மறுவாழ்வு, குடியுரிமை கிட்டும்போதே முழுமைபெறும். பள்ளி திறந்த கதவைச் சட்டம் மூடிவைத்திருக்கும்வரை, அச்சிறாரைப் பொறுத்தவரை போர் முடிந்துவிட்டதாகக் கருதவியலாது.