தொழில் ஆலோசனையும் கட்டணமும்: ஒரு வரலாற்று நோக்கு

பட்டப்படிப்பின் இறுதியாண்டை அடையும் கலைப்பீட மாணவர் எவரும் தவிர்க்கவியலாத வினா ஒன்றுண்டு: இனி எத்தொழிலை நாடுவது? இவ்வினாவுக்கு விடை காண உதவுவதையே தொழிலாகக் கொண்டோர் இன்று பலர். பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் அலகுகள் ஒருபுறமிருக்க, கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கும் தனியாரும் உளர். பெற்றோர் அரும்பாடுபட்டு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை இவர்களுக்குக் கொடுப்பது தகுமா? இக்கேள்வி நமது தலைமுறையில் தோன்றியதன்று. தொழில் ஆலோசனை விலைப்பொருளான வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதனடியாக இதற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

தந்தையின் தொழிலை மகன் மேற்கொண்ட சமுதாயத்தில் தொழில் ஆலோசகருக்கு இடமிருக்கவில்லை. கைத்தொழில் வளர்ச்சியும் நகரப் பெருக்கமும் அப்பிணைப்பைத் தளர்த்திய பின்னரே ஆலோசனைக்கு ஒரு சந்தை உருவாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் அச்சந்தையை முதலில் நிரப்பியோர் கபால சாத்திரிகள் ஆவர். மனத்தின் ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூளையில் தனியிடம் உண்டு, அதன் பருமனை மண்டையோட்டின் மேடுபள்ளங்களால் அறியலாம் என்பது இவர்தம் கொள்கை. பிரான்ஸ் யோசெப் கால் என்ற வைத்தியர் ஐரோப்பாவில் தொடக்கிவைத்த இக்கருத்தை, 1830களில் ஓர்சன் பவுலர், லொறென்சோ பவுலர் என்னும் சகோதரர் அமெரிக்காவில் வாணிபமாக்கினர். கட்டணம் செலுத்தியவரின் தலை தடவிப் பார்க்கப்பட்டது; ஆற்றல்கள் எண்களாற் குறிக்கப்பட்ட அட்டவணை ஒன்று அவர் கையிற் கொடுக்கப்பட்டது. இந்நிறுவனத்திற் பணியாற்றிய நெல்சன் சைசர், 75 தொழில்களுக்கு வேண்டிய இயல்புகளை விளக்கி 1872இல் ஒரு நூலையே வெளியிட்டார்.

இவர்கள் கூறியவை யாவும் பிழைத்துவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் கிளாரா பார்ட்டன் என்ற கூச்ச சுபாவமுள்ள சிறுமியின் வீட்டில் லொறென்சோ பவுலர் சில காலம் தங்கியிருந்தார். பொறுப்பை ஒப்படைத்தால் இவள் கூச்சம் நீங்கும், ஆசிரியப் பணியில் ஈடுபடுத்துக எனத் தாயாருக்கு அவர் கூறினார். 1839இல் ஆசிரியையான கிளாரா, 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். பவுலரின் கூற்று பலித்தமைக்குக் காரணம் மண்டையோடன்று. ஒரே வீட்டிலிருந்து அச்சிறுமியை அவர் கவனித்தமையே எனக் கொள்ளுதல் பொருந்தும். ஆனால் நாளாந்தம் கடைக்கு வந்த வாடிக்கையாளருக்கு விற்கப்பட்டது கவனிப்பன்று, தீர்ப்பு. போலி அறிவியல் பல்லாண்டு நிலைத்தமைக்கு இதுவே காரணம் எனலாம். குழப்பத்திலிருப்போர் உறுதியான ஒரு சொல்லுக்கு எப்போதும் விலைகொடுக்க ஆயத்தமாக உள்ளனர்.

நவீன தொழில் வழிகாட்டலின் தந்தை எனப்படும் பிராங் பார்சன்ஸ் (1854–1908) இதற்கு மாறான வழியைக் காட்டினார். கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்ற அவர், 1873ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் வேலையிழந்தார். பின்னர் உருக்காலைத் தொழிலாளியாகவும் பாடசாலை ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் சட்ட விரிவுரையாளராகவும் வாழ்ந்தார்; 1895இல் பொஸ்ரன் நகர முதல்வர் பதவிக்கும் போட்டியிட்டார். தொழில் தேடி அலைந்த அனுபவம் அவருக்கு ஏட்டறிவாக இருக்கவில்லை.

போலின் அகாசிஸ் ஷா என்ற செல்வந்தப் பெண்மணியின் நிதியுதவியுடன் 1908 சனவரியிற் பொஸ்ரனில் அவர் தொழிற்றேர்வு நிலையமொன்றைத் தொடக்கினார். வருவோரின் கட்டணத்தில் அது தங்கியிருக்கவில்லை. முதற் சில மாதங்களில் ஆலோசனை நாடி வந்த 80 பேரில் 15 வயதினரும் இருந்தனர். 72 வயதினரும் இருந்தனர். தன்னையறிதல், தொழில்களின் தேவைகளையும் வாய்ப்புகளையும் அறிதல், இவ்விரண்டையும் பொருத்திச் சரிவரச் சிந்தித்தல் ஆகிய மூன்றுமே அவருடைய முறையின் தூண்களாகும். வந்தவர் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களுக்குத் தாமே விடையெழுத வேண்டியிருந்தது. முடிவும் அவருடையதே, ஆலோசகர் முடிவு கூறுவதில்லை.

ஆயினும் பார்சன்ஸை விதந்து போற்றுவோர் பெரும்பாலும் குறிப்பிடாத செய்தி ஒன்றுண்டு. அவர் மறைந்த பின் 1909இல் வெளிவந்த அவரது நூலில், வந்தவரின் தலையமைப்பையும் தாம் கவனித்ததாக அவர் எழுதியுள்ளார். பழைய சாத்திரத்தின் நிழல் புதிய முறையிலும் படிந்திருந்தது. எந்த ஆலோசகரும் தம் காலத்து நம்பிக்கைகளிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர் என்பதை இது உணர்த்துகின்றது. இன்று கணினி வழங்கும் ஆளுமை அட்டவணையைக் கையிற் பெறும் நாமும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பிரித்தானியாவில் இரு வழிகள் அருகருகே தோன்றின. 17 வயதுக்குட்பட்டோருக்குத் தொழில் ஆலோசனை வழங்க உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகளுக்கு 1910ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரமளித்தது. மறுபுறம், 1921இல் சார்ள்ஸ் மயர்ஸ் முன்னின்று நிறுவிய தேசிய கைத்தொழில் உளவியல் நிறுவகம் தனியாருக்குக் கட்டணத்துடன் ஆலோசனை வழங்கியது. இலண்டனில் 100 சிறுவரிடம் நடாத்தப்பட்டு 1926இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆலோசனைக்கிணங்கிய தொழிலிற் சேர்ந்தோர் மற்றையோரினும் கூடுதலான மனநிறைவு கொண்டிருந்ததைக் காட்டிற்று. ஆனால் விரும்பிய வேலை கிடைத்தவர் மகிழ்ந்திருத்தல் இயல்பே. அதில் ஆலோசனையின் பங்கு எவ்வளவு, வாய்ப்பின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று.

இவ்விடத்தில் நமது நாட்டு அனுபவம் முக்கியமாகின்றது. 1971இல் டட்லி சியேர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புகளுக்கும் இருந்த வேலைகளுக்குமிடையிலான பொருத்தமின்மையைத் தன் அறிக்கையின் மையப் பொருளாக்கியது. அதே ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி அப்பிரச்சினையின் ஆழத்தை உணர்த்திற்று. இல்லாத வேலையை எந்த ஆலோசகராலும் உண்டாக்க முடியாது. சமுதாயத்தின் குறையைத் தனிமனிதனின் தேர்வுப் பிழையாகக் காட்டி அதற்குப் பணமும் பெறுதல் நேர்மையாகாது.

அவ்வாறாயின், கட்டணம் செலுத்துதல் வீணா? முற்றாக வீணென்று வரலாறு கூறவில்லை. குறித்த துறையின் நுழைவு நிபந்தனைகளையும் ஊதியத்தையும் உயர்வு வழிகளையும் நன்கறிந்தவரின் நேரம் விலையுடையது. நம் விடைகளைக் கேட்டுக் குறுக்குவினா எழுப்புபவரின் உழைப்பும் அவ்வாறே. நீ இன்ன தொழிலுக்கே பிறந்தவன் என்னும் தீர்ப்புக்குத்தான் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. பார்சன்ஸ் கூறிய மூன்றனுள் இரண்டாவதற்கு விலை கொடுக்கலாம். மூன்றாவதற்குத் துணை தேடலாம். முதலாவதை நாமே செய்தாக வேண்டும். ஆகவே தன் கேள்விகளை எழுதி, தொழில் வழிகாட்டல் அலகையும் அத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவரையும் நாடிய பின்னரும் விடை காணாத மாணவரே கட்டணம் செலுத்துவது பற்றிச் சிந்திக்கலாம். அதற்கு முன் கொடுக்கும் பணம், தலையைத் தடவிப் பார்க்கக் கொடுத்த பணத்துக்கே ஒப்பாகும்.