ட்ரெக்: மாடு இழுத்த சொல்

தமிழக வனத்துறை 2024இல் 40 மலைத்தடங்களை நடைப்பயணிகளுக்குத் திறந்தபோது, திட்டத்துக்கு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டியது. முதுகுப்பையோடும் கைத்தடியோடும் நாம் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சொல் பிறந்த இடம் மாட்டின் கழுத்து. டச்சு மொழியில் ‘ட்ரெக்கன்’ என்றால் இழுத்தல். 1652இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சு அங்கேயே வளர்ந்து ஆஃப்ரிகான்ஸ் மொழியாயிற்று. இழுத்தலைக் குறித்த சொல் மாட்டுவண்டிப் பயணத்துக்கே பெயராயிற்று.

நம் ஊர் இரட்டைமாட்டு வண்டியை வைத்து அந்த வண்டியை அளக்க முடியாது. நான்கு சக்கரம், மேலே கித்தான் கூண்டு; எட்டு இணை மாடுகள்வரை பூட்டுவார்கள். முன்னிணைகள் ஏர்க்காலிலிருந்து நீளும் ஒரே வடத்தில் பூட்டப்பட்டு இழுக்கும். தோலை முறுக்கிச் செய்த அந்த வடத்துக்குப் பெயர் ‘ட்ரெக்டோ’. வண்டிக்காரர் மாடுகளை அதட்டுவதும் ‘ட்ரெக்!’ என்றுதான். ஒரு முறை பூட்டி அவிழ்ப்பதற்குள் கடக்கும் தொலைவும் ஒரு ட்ரெக். மந்தையோடு புல் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள் ‘ட்ரெக்பூர்’ எனப்பட்டார்கள்.

1835 முதல், பூர் எனப்பட்ட டச்சு வழிக் குடியேறிகளின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வண்டி பூட்டி வடக்கே புறப்பட்டன. அப்போது முனையை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அடிமை முறையை ஒழித்ததும், அதற்கு முன்பே அந்நிலத்தின் பூர்வகுடிகளான கோய்கோய் மக்களைச் சட்டத்தில் வெள்ளையருக்குச் சமமாக்கியதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நிலத் தேவையும் எல்லைப் போர்களும் சேர்ந்துகொண்டன. போனவர்கள் தங்களைக் குடிபெயர்வோர் என்றே பெரும்பாலும் சொல்லிக்கொண்டார்கள். ‘ஃபூர்ட்ரெக்கர்’, அதாவது முன்னே வண்டி கட்டிச் சென்றவர், என்ற மதிப்புப் பெயர் பின்னால் வந்த தலைமுறைகளின் வழக்கு.

பயணத்தின்போதே இட்ட அடையாளம் ஒன்று உண்டு. டிராக்கன்ஸ்பர்க் மலையில் கெர்கன்பர்க் அருகே, 1837 நவம்பர் 12 அன்று, பயணத் தலைவர்களில் ஒருவரான பீட் ரெட்டீஃபின் பெயரை அவர் மகள் டெபோரா ஒரு பாறையில் பச்சைச் சாயத்தால் எழுதினாள். அன்று தந்தையின் பிறந்தநாள். இந்தப் பாதையின் நினைவுக்குறிகளில் எனக்கு நெருக்கமானது இதுதான். யாரையும் வணங்கச் சொல்லாத எழுத்து அது.

சாலையோரக் குறிகள் பெருகியது 1938இல். அந்தப் பயணத்தின் நூற்றாண்டைக் கொண்டாட, ரயில்வே ஊழியர் ஹென்னிங் க்ளோப்பர் தலைமையில் ஆகஸ்ட் 8 அன்று கேப்டவுனிலிருந்து வண்டிகள் கிளம்பின. ஊர் ஊராக ஈரச் சிமெண்டைப் பரப்பி வைத்து அதன் மீது வண்டியை ஓட்டச் சொன்னார்கள். சக்கரத் தடமும் குளம்படியும் பதிந்து இறுகின. தெருக்களுக்கு ஃபூர்ட்ரெக்கர் பெயர் வந்தது. அச்சிலிருந்த வண்டி மையைக் கைக்குட்டையில் தடவிக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 16 அன்று பிரிட்டோரியா குன்றில் ஃபூர்ட்ரெக்கர் நினைவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1948இல், அபார்தைட் என்ற இனஒதுக்கலை முன்வைத்த கட்சி ஆட்சிக்கு வந்தது.

அந்தச் சிமெண்டுப் பலகைகளை அழகான நினைவு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் பயணத்தில் பூர் குடும்பங்களோடு கறுப்பின, கலப்பினப் பணியாட்களும் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். முன்மாட்டுக் கயிற்றைப் பிடித்து வழிகாட்டியவர்களில் பலர் அவர்களே. மாட்டின் குளம்புக்குக் கிடைத்த இடம் அவர்கள் காலடிக்குக் கிடைக்கவில்லை. 1838இல் பூர்களோடு நடந்த போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சூலு வீரர்கள் மாண்ட இன்கோமே ஆற்றங்கரையில், பூர்கள் அரணாக நிறுத்திய 64 வண்டிகளும் வெண்கலத்தில் நிற்கின்றன. சூலுகளின் தரப்பைச் சொல்லும் அருங்காட்சியகம் எதிர்க்கரையில் 1990களின் இறுதியில்தான் வந்தது.

இதற்கிடையே ட்ரெக் என்ற சொல் ஆங்கிலத்தில் கலந்து, கடினமான நெடும்பயணம் எதற்கும் பொதுப்பெயராகிவிட்டிருந்தது. 1964இல் காட்மாண்டுவில் முன்னாள் ராணுவ அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ் மலைச்சுற்றுலா நிறுவனம் தொடங்கியபோது, இமயத்தில் வாடிக்கையாளர் நடப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பெயர் ட்ரெக்கிங். கூடாரமும் சமையல் சாமானும் சுமைதூக்கிகளின் முதுகில் வந்தன. மாடு இழுத்த பாரத்தை அங்கே மனிதர்கள் சுமந்தார்கள். பெயரோ வெறுங்கையோடு நடந்தவருக்குப் போயிற்று.