அச்சுக்கு அடங்காத அசைவு

சாகுபுரம் இரசாயனத் தொழிற்சாலையை ஒட்டி எழுந்த ஊர். இத்தகைய ஊர்ச் சபையில் ஒரே கீர்த்தனையைப் பல ஊரார் பல விதமாய்ப் பாடக் கேட்கலாம். நம் புத்தகங்கள் இராகத்தையும் தாளத்தையும் பெயரளவில் குறித்து நின்றுவிடுகின்றன. மெட்டு வாய்வழியே வருகிறது. ஆகவே அங்கே மாணவர் இசையேடு ஒன்றைத் தொடங்க விரும்புவோர், அட்டையின் அழகை ஆராயுமுன், மெட்டை எக்குறியால் அச்சிடுவது என்று தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வினாவை நமக்கு முன்பே எதிர்கொண்டவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய கத்தோலிக்கர் ஏ. எம். சின்னசாமி முதலியார். நம் நாட்டுக் கிருதிகளை மேனாட்டு ஐங்கோட்டுக் குறியில் அமைத்து, 1893-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டார். கைப்பொருள் கரைந்தது, கண்ணொளியும் குன்றியது, வெளியீடு நின்றது.

ஆயினும் அவர் முயற்சி வீண்போகவில்லை. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் சமஸ்தான வித்துவானாயிருந்த சுப்பராம தீட்சிதரை அவர் அணுகியிருந்தார். அவருடைய தூண்டுதலாலும் சமஸ்தானத்தின் ஆதரவாலும், 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அங்கேயே தெலுங்கு எழுத்தில் அச்சேறிற்று. ச ரி க ம எழுத்துகளே அதில் சுரங்கள். கமகங்களுக்கோ தனித்தனி அடையாளங்கள். ஐந்து கோடுகளுக்கு எளிதில் அகப்படாத குரலின் அசைவை இவ்வடையாளங்கள் தாங்கின.

இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்னும் போதகரும் எழுத்துகளாலான சோல்ஃபா முறையையே பரப்பினார். சாதாரண அச்செழுத்து அதற்குப் போதும். நம் பாமாலைகளுக்கு அது பொருந்தும். கீர்த்தனைகளுக்கு எட்டயபுரத்து வழியே தக்கது என்பது நம் கருத்து. முதல் இதழுக்கு ஒரு கீர்த்தனை போதும். சபையின் முதியவர் ஒருவர் பாட, மாணவர் அதைச் சுரப்படுத்தட்டும்.