தொழிற்சாலைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "சார், எனக்கு மெஷினைத் தவிர வேறொன்றும் தெரியாதே" என்றேன். "அதையே எழுதுப்பா" என்றார். ஆகவே இதில் கல்லூரி நினைவுகள் எதுவும் கிடையாது. கான்டீனைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. சி.என்.சி. லேத்தில் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். இன்சர்ட் தேய்ந்தால் எப்படி மாற்றுவது என்று பத்து நிமிஷம் சொன்னேன். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." நான் மீட்டிங்குக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் 37 ஷாஃப்ட் சைஸ் குறைந்து ஸ்கிராப். பழைய இன்சர்ட் தேயத் தேய மைனஸில் ஏற்றி வைத்திருந்த ஆஃப்செட்டை, புது இன்சர்ட் போட்டதும் பூஜ்யமாக்க வேண்டும். அவன் ஆக்கவில்லை. ஏனென்றால் நான் சொல்லவில்லை. எனக்கு அது கையோடு ஊறிப்போன விஷயம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆனால் எல்லார் முன்னாலும் அவனைத்தான் திட்டினேன். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

அந்த உறுத்தலில் தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்த வரலாறு.

1940. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனால் அதன் தொழிற்சாலைகளில் ராணுவ ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தன. ஆர்டர் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, வேலை தெரிந்த ஆள்தான் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கியது. பெயர் 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி'. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்த சானிங் டூலியும், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்த வால்டர் டீட்ஸும் அதை நடத்தினார்கள். இருவரும் பேராசிரியர்கள் அல்ல, கம்பெனி ஆட்கள். அது பின்னால் நன்றாகவே தெரிந்தது.

முதலில் வந்த தலைவலி லென்ஸ். பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவிகளுக்கு லென்ஸ் தேய்க்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டார்கள். தேர்ந்த லென்ஸ் தொழிலாளி ஒருவர் உருவாக ஐந்து ஆண்டு ஆகும் என்பது அந்தத் தொழிலில் இருந்த நம்பிக்கை. போர் ஐந்து ஆண்டு காத்திருக்குமா? இவர்கள் போய், அந்த மனிதர் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று பிரித்துப் பார்த்தார்கள். அதில் பல வேலைகளுக்குப் பெரிய திறமையே வேண்டாம். அவற்றைப் புதியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கடினமான சில வேலைகளின் நுணுக்கத்தை மட்டும் வகுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு சில மாதங்களாகச் சுருங்கியது.

முறை புதிதல்ல. முதல் உலகப் போரில் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் தயார் செய்த சார்லஸ் ஆலன் என்பவர் வகுத்த நான்கு படிகள்தான். முதலில் கற்பவனின் பயத்தைப் போக்கித் தயார்படுத்து. பிறகு சொல்லியும் செய்தும் காட்டு. அவனையே செய்ய வை, செய்யும்போதே ஏன் என்று சொல்ல வை. கடைசியில் தனியே விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார். 1919-ல் ஆலன் இதைப் புத்தகமாகவே போட்டிருந்தார்.

டி.டபிள்யூ.ஐ. இதைச் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் வகுப்பில் ஒரு துண்டு மின்கம்பி. நம் வீடுகளில் தொங்கும் பல்ப் ஹோல்டருக்குள் எலெக்ட்ரீஷியன் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார், பார்த்திருக்கிறீர்களா? வயரை யாராவது இழுத்தாலும் டெர்மினலில் இழுவிசை விழாமல் இருப்பதற்காக. அந்த முடிச்சுதான் பாடம். பயிற்சியாளர் ஒருவரை முன்னே கூப்பிட்டு, முடிச்சுப் போடும் விதத்தை வாயால் மட்டும் சொல்வார். அந்த ஆளால் போட முடியாது. அடுத்தவருக்கு வாயே திறக்காமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. மூன்றாவது ஆளுக்கு நான்கு படிகளின்படி கற்றுக் கொடுப்பார், அவர் போட்டுவிடுவார். இருபது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர்கள்கூட, தாங்கள் இத்தனை நாள் 'கற்றுக் கொடுத்தது' முதல் இரண்டு வழியில்தான் என்று அப்போது உணர்ந்திருப்பார்கள். நான் 37 ஷாஃப்ட் கொடுத்து உணர்ந்தேன்.

தொழிலாளி கற்கவில்லையென்றால் ஆசிரியர் கற்றுக் கொடுக்கவில்லை என்பதே அவர்களுடைய கொள்கை. பழி இடம் மாறுகிறது, கவனித்தீர்களா?

வேலை சொல்லிக் கொடுப்பது, வேலை முறையைத் திருத்துவது, ஆட்களோடு பழகுவது என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்தே மணி நேரம். 1945 செப்டம்பரில் திட்டத்தை மூடும்போது 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் சுமார் 17½ லட்சம் பேர் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். கண்காணித்த நிறுவனங்களில் 86 சதவீதத்தில் உற்பத்தி 25 சதவீதமாவது கூடியது, 55 சதவீதத்தில் ஸ்கிராப் 25 சதவீதமாவது குறைந்தது என்று அவர்களுடைய அறிக்கை சொல்கிறது. தொழிலாளர் மனக்குறைகள் எல்லா நிறுவனங்களிலுமே 25 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாம். நூற்றுக்கு நூறு என்று எந்த டேட்டா வந்தாலும் எஞ்சினியருக்குச் சந்தேகம் வர வேண்டும், எனக்கும் வந்தது. ஆனால் பியாங்கி, ஜோர்செல்லி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 11,575 நிறுவனங்களின் பழைய கணக்குகளைத் திரட்டி 2022-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற நிறுவனங்கள் நெடுங்காலம் நன்றாக நடந்தன. அவற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த கம்பெனிகளுக்கும் அந்தப் பலன் பரவியது என்பது அவர்கள் கண்டது. சந்தேகத்தைப் பெருமளவு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

போர் முடிந்தது, அமெரிக்கா இதை மறந்தது. 1951-ல் லோவல் மெல்லன் என்பவர் குழுவோடு ஜப்பானுக்குப் போய் அங்கே பயிற்சியாளர்களை உருவாக்கினார். அந்த ஆண்டுகளில் இந்தப் பாடங்களை எடுத்துக்கொண்ட கம்பெனிகளில் ஒன்று டொயோட்டா. 1984-ல் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவில் நும்மி என்ற ஆலையை டொயோட்டா தொடங்கியபோது, ஜான் ஷுக் என்ற அமெரிக்க ஊழியர் ஜப்பானியப் பயிற்சிப் பாடங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரத் திணறிக்கொண்டிருந்தார். சக ஜப்பானியர் ஒருவர் அலமாரியிலிருந்து பழுத்துப்போன ஒரு கட்டை எடுத்து நீட்டினாராம். திறந்தால் ஆங்கிலம்! டி.டபிள்யூ.ஐ. கையேடு. கொல்லன் தெருவில் விற்ற ஊசியைக் கொல்லனே திரும்பி வாங்கிய கதை.

நம் நாட்டுக்கு வருவோம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. 1973 திருத்தத்தில் நம்மைப் போன்ற பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் அதில் சேர்ந்தோம். நானும் ஒரு வருஷம் ஓர் ஆலையில் அப்ரண்டிஸ். முதல் நாலு மாதம் கற்றது ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் எடுப்பது எப்படி என்று. "இவனுக்குக் கத்துக் கொடுத்தா வேற கம்பெனிக்குப் போயிடுவான்" என்று மேலாளர் என் காதுபடவே சொன்னார். முதலாளிகளின் பொதுவான பயம் அது. எந்தக் கம்பெனிக்கும் பயன்படும் திறமைக்குக் கற்பவனே விலை கொடுக்கிறான், குறைந்த சம்பளம் வாங்குவதன் மூலம் என்று கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1964-லேயே எழுதினார். எங்கள் உதவித்தொகையைப் பார்த்திருந்தால் அந்த மேலாளருக்கும் புரிந்திருக்கும்! விலையை நாங்கள் கொடுத்துவிட்டோம், சரக்குதான் வரவில்லை. கடைசியில் எனக்கு லேத் கற்றுக் கொடுத்தது ஒரு செட்டர் அண்ணன், ஷிஃப்ட் முடிந்த பிறகு, தன் நேரத்தில்.

இப்போது இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதுகிறோம். இடது பக்கம் படிகள், நடுவில் நுணுக்கம், வலது பக்கம் ஏன். இன்சர்ட் மாற்றும் தாளில் 'ஆஃப்செட்டை பூஜ்யமாக்கு, முதல் பீஸை அளந்து பார்' என்று தடித்த எழுத்தில் போட்டேன். போன மாதம் புதிதாக வந்த பெண் ஒருத்தி அதற்குக் கீழே பால்பாயின்ட் பேனாவில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இன்சர்ட் உட்காரும் இடத்தில் துகள் இருக்கும், காற்றடித்துத் துடை. இல்லைன்னா ஆடும்.' அதையும் நான் எழுத விட்டிருந்தேன்.