சட்டாம்பிள்ளையும் சகமாணவனும்

பாடசாலைகளின் வரலாற்றை எழுதுவோர் ஆசிரியரைப் பற்றி எழுதுவர். அரசாங்கத்தைப் பற்றியும் மிஷன்களைப் பற்றியும் எழுதுவர். ஒரு மாணவன் பக்கத்திலிருப்பவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் இச்சிறு செயலைச் சுற்றி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்து வந்திருக்கிறது. இதனாற் பயனடைபவர் யார்? படிக்கும் பிள்ளையா, அன்றி அப்பிள்ளையின் படிப்புக்குச் செலவிடக் கடமைப்பட்டவரா?

தமிழ்நாட்டு ஊர்களிலே நிலவிய திண்ணைப் பள்ளிக்கூடத்தை முதலில் நோக்குவோம். ஆசிரியர் ஒருவர், மாணவரோ பல வயதினர், பல படிநிலையினர். மணலிலே அரிச்சுவடி எழுதும் சிறுவனும், எண்சுவடியை உரத்துச் சொல்பவனும், ஓலையிலே எழுத்தாணி பிடிக்கப் பழகியவனும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். அனைவரையும் ஒருவரே தனித்தனி கவனித்தல் இயலாது. ஆகவே முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவன் ஒப்புவித்த பாடத்தைக் கேட்டான். ஆசிரியர் இல்லாத வேளையில் பள்ளியையே நடத்தினான். அவனே சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலே பழைய தலைமுறையினர் ஆசிரியரையே ‘சட்டம்பியார்’ என வழங்கினர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். சட்டாம்பிள்ளையின் கையிலே பிரம்பும் இருந்தது. அதை மறந்துவிட்டு அவனைப் போற்றுவது சரியன்று.

1789ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. இப்பிள்ளைகளிற் பெரும்பாலோரின் தாய்மார் இந்தியப் பெண்கள். பாடசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அன்ட்ரூ பெல். ஒரு நாட் காலை குதிரையிற் சென்ற பெல், ‘மலபார்’ப் பிள்ளைகள் நிலத்திலிருந்து விரலால் மணலில் எழுதுவதைக் கண்டார். தமிழரை அக்காலத்து ஆங்கிலேயர் குறித்த பெயர் அதுவே. தமது பாடசாலையிலும் அதனைக் கொண்டுவர முயன்றபோது அவரின் கீழிருந்த உதவியாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே பெல் எட்டு வயதளவான ஜோன் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். அதன்பின் வகுப்புக்கு வகுப்பு மாணவரே ஆசிரியராயினர்.

1796இல் நாடு திரும்பப் புறப்பட்ட பெல் மறு ஆண்டிலேயே தமது பரிசோதனையைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். 1798இல் இலண்டனின் பறோ வீதியிலே ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தகைய பாடசாலையொன்றை நடத்தத் தொடங்கினார். இம்முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதிலே பின்னர் இருவரின் ஆதரவாளருக்குமிடையே பெரும் பூசல் எழுந்தது. இங்கிலாந்துத் திருச்சபை பெல்லின் பக்கம். திருச்சபைக்குப் புறம்பான கிறிஸ்தவர் லங்காஸ்டரின் பக்கம். மணலில் எழுதிய பிள்ளைகளின் பக்கம் பேச ஒருவருமில்லை.

கைத்தொழிற் புரட்சியின் நடுவே நின்ற இங்கிலாந்து இம்முறையை ஏன் இவ்வளவு ஆர்வத்தோடு வரவேற்றது? ஆலைகளை நாடி வந்த தொழிலாளரின் பிள்ளைகள் நகரங்களிலே பெருகினர். அவர்களை ஒழுங்குக்குட்படுத்த வேண்டும். ஆனாற் செலவிடக் கூடாது. ஓர் ஆசிரியரைக் கொண்டு பல நூறு பிள்ளைகளைப் பயிற்றலாம் என்று லங்காஸ்டர் காட்டினார். ஆளுக்கொரு புத்தகம் வேண்டியதில்லை. ஒரே தாளைச் சுவரிலே தொங்கவிட்டுச் சுற்றி நின்று வாசித்தாற் போதும். மணியோசைக்கும் கட்டளைக்கும் ஏற்ப வரிசைகள் எழுந்தன, அமர்ந்தன. தவறிய பிள்ளையின் கழுத்திலே மரக்கட்டை மாட்டப்பட்டது. சிலரைக் கூடையிலிட்டு மேலே தூக்குவதும் உண்டு. அன்ட்ரூ பெல்லோ, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூடக் கற்பிப்பது தமது நோக்கமன்று என 1808இல் அச்சிலேயே எழுதினார். திண்ணையிலே ஆசிரியரின் கைக்கு உதவியாயிருந்த ஒரு வழக்கம், இங்கிலாந்திலே ஆசிரியரின் சம்பளத்தை மீதப்படுத்தும் இயந்திரமாயிற்று.

1832இல் இறந்த பெல் ஏறத்தாழ 1,20,000 பவுணைக் கல்விக்கென விட்டுச் சென்றார். அவர் பிறந்த சென்ற் அன்ட்ரூஸ் நகரத்திலே ‘மட்ராஸ் கல்லூரி’ என்ற பாடசாலை இன்றும் இருக்கிறது. சட்டாம்பிள்ளையின் ஊர்ப் பெயராவது எஞ்சியதே என்று ஆறுதலடையலாம்!

திண்ணைகள் என்னவாயின? சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்ட கணக்கெடுப்புக்கு விடையளித்தோருள் பெல்லாரியின் கலெக்டர் கம்பெல் குறிப்பிடத்தக்கவர். முன்னேறிய மாணவர் பின்தங்கியவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுமென அவர் 1823இல் எழுதினார். பிள்ளைகள் பொருளறியாது மனனஞ் செய்வதை அவர் மறைக்கவுமில்லை. அவர் கூறிய மற்றொரு செய்தியே நமக்கு முக்கியமானது. தமது மாவட்டத்திலிருந்த 533 பள்ளிகளும் நலிவுற்றிருப்பதற்கு மக்கள் வறுமையடைந்ததே காரணம் என்றார். இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து உள்ளூர் நெசவாளரின் பிழைப்பைப் பறித்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோரிடம் வழியில்லை. மணலில் எழுதும் பழக்கம் கப்பலேறிச் சென்ற அதே கடல்வழியாகவே அத்துணி வந்திறங்கியது.

எனினும் பழைய திண்ணையைப் பொற்காலமாக்கும் போக்கு நமக்கு உடன்பாடன்று. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் அங்கே அமர இயலவில்லை. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அவன் முதலிற் பக்கத்திலே இருக்கவேண்டுமல்லவா? யாழ்ப்பாணத்திலே 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் வழங்க வேண்டுமென அரசாங்கம் பணித்தபோது, அதனைப் பொறாத சாதிமான்கள் பாடசாலைகளுக்கே தீயிட்டனர். நிலத்திலும் வேறாகவும் இருத்தப்பட்ட பிள்ளை யாரிடம் ஐயங் கேட்டிருப்பான்?

மிஷன்களின் கைவழியே இம்முறை காலனி நாடுகளுக்கும் பரவியது. இலங்கையிலும் 1945 வரை காசுள்ளோருக்குக் கட்டண ஆங்கிலப் பாடசாலை, இல்லாதோருக்குச் சுயமொழிப் பாடசாலை என்ற பிளவு நிலவிற்று. கன்னங்கராவின் இலவசக் கல்வி அப்பிளவைத் தகர்க்க முயன்றது. ஆனால் மலையகத் தோட்டப் பாடசாலைகளிலே ஒரே அறையில், ஒரே ஆசிரியரின் முன் பல வகுப்புக்கள் நெடுங்காலம் இருந்தன. அத்தகைய அறையிலே மூத்த பிள்ளை இளையவர்க்குச் சொல்லிக்கொடுக்காமல் பாடம் நடப்பதெங்ஙனம்? லங்காஸ்டரின் கணக்கு அங்கே பெயரின்றி வாழ்ந்தது.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அக்கணக்கு மீண்டும் எட்டிப் பார்த்தது. படிப்பு கைத்தொலைபேசிக்கு மாறியது. தொலைபேசியும் டேற்றாவும் குடும்பத்தின் செலவாயின. அலைவரிசைக்காக மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அதே ஆண்டிலே சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி ஆசிரியரும் அதிபரும் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தனர். 2022 மார்ச்சிலோ தாளில்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. இந்நாட்களிலே மாணவர் தம்முள் வட்ஸ்அப் குழுக்களை அமைத்துக்கொண்டனர். கடந்தகால வினாத்தாளைப் படமெடுத்து ஒருவர் இடுவார். கணக்கின் படிமுறையைக் கொப்பியில் எழுதி மற்றொருவர் இடுவார். விளங்காதவருக்கு மூன்றாமவர் குரற்பதிவில் விளக்குவார். எவர் கையிலும் பிரம்பில்லை. இன்று கற்பிப்பவர் நாளை கேட்பவர். ஃபிரிஸ்கனை நியமித்ததுபோல இவர்களை எவரும் நியமிக்கவில்லை. அதனாலேயே இது லங்காஸ்டரின் இயந்திரத்தினின்றும் வேறுபட்டது. இதனைக் காட்டி ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பாமல் விட முனைவோர் எழலாம். அவர்களுக்கு விடையளிக்க 1808இல் எழுதப்பட்ட அந்த வரிகளே போதும்.

இம்மாணவரின் செயலை மதிப்பிட வேண்டுமாயின் அவர்கள் எழுதும் பரீட்சையின் அமைப்பையும் நோக்க வேண்டும். உயர்தரத்திலே தகுதி பெறுவோரிற் பெரும்பான்மையோருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கிய பிரதேசங்களுக்கு இதனாற் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. ஆயின், மாவட்ட இடங்களைப் பொறுத்தவரை காலியில் இருக்கும் மாணவி வவுனியா மாணவிக்குப் போட்டியாளரல்லள். பக்கத்து வாங்கிலிருக்கும் தோழியே போட்டியாளர். அத்தோழிக்குத்தான் இவள் இரவு பதினொரு மணிக்குப் பௌதிகவியல் விடையை விளக்கி அனுப்புகிறாள். வெட்டுப்புள்ளியின் மேலே ஒருத்தியும் கீழே மற்றவளும் நிற்க நேரலாம் என்பதை இருவரும் அறிவர்.