கடைக்காரர் சொல்லும் விலைச்சீட்டும்: சிராங்கூன் சாலையில் பொருள் வாங்கிய வரலாறு

எதை வாங்குவது, எந்தக் கடையில் வாங்குவது, சொன்ன விலையைக் கொடுப்பதா பேரம் பேசுவதா என்பன போன்ற அன்றாட முடிவுகள் பெரும்பாலும் ஏடுகளில் பதிவாவதில்லை. ஆனால் ஓர் ஊரின் ஏழை எளியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அரசாணைகளைவிட இம்முடிவுகளே தெளிவாகக் காட்டுகின்றன. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர்கள் பொருள் வாங்கிய விதத்தைத் தொடர்ந்து பார்த்தால், எது நல்ல சரக்கு என்று சொல்லும் அதிகாரம் விற்பவரின் வாயிலிருந்து விலைச்சீட்டுக்கும், கூட்டுறவுக் கடைக்கும், கடைசியில் சட்டத்துக்கும் படிப்படியாக மாறியது புலப்படும்.

இன்று லிட்டில் இந்தியா எனப்படும் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை வணிகத்தால் வளர்ந்தது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய நீர்வளமும் புல்வெளியும் மாட்டுத் தொழுவங்களுக்கு ஏற்றவையாக இருந்ததால், எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ப் பெயர் இவ்விடத்துக்கு அமைந்தது. 1915-இல் கட்டப்பட்ட சந்தையும் அதே பெயரைப் பெற்றது. எனினும் மக்கள் பேச்சில் நிலைத்தது, மூங்கில் மரங்களின் அடிவாரத்தைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த ‘தேக்கா’ என்ற பெயர்தான். சந்தை 1982-இல் எதிர்ப்புறக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டு ‘சூஜியாவ்’ என மாண்டரின் ஒலிப்பில் பெயரிடப்பட்டபோதும் மக்கள் அப்பெயரை ஏற்காமல் பழைய பெயராலேயே அழைத்து வந்தனர். 2000-இல் அரசும் ‘தேக்கா’ என்ற பெயரையே திரும்பச் சூட்டியது.

சந்தையைச் சுற்றி எழுந்த மளிகைக் கடைகளில் நிறுவை ‘கட்டி’ என்ற அளவையில் நடந்தது. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். இதை நிறுக்கப் பயன்பட்ட ‘டாச்சிங்’ என்ற கோல்தராசில், நகரும் எடைக்கல்லின் நிலையைப் படிக்கத் தெரிந்தவருக்கே அளவு புரியும். ஆகவே வாங்குபவர் தராசை நம்புவதற்கு முன் அதைப் பிடித்த கையை நம்ப வேண்டியிருந்தது. 1970களில் மெட்ரிக் முறை பரவிக் கிலோகிராம் வழக்குக்கு வந்தபின், முதிய தலைமுறையினர் நெடுங்காலம் மனத்துக்குள் கட்டிக் கணக்குப் போட்டே விலையை ஒப்பிட்டனர்.

நம்பிக்கையின் மற்றொரு தூண் கடன். மாதச் சம்பளத்தையோ நாள் கூலியையோ எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் அரிசி, பருப்பு, எண்ணெய், மீன் டின் ஆகியவற்றைக் கணக்கில் எழுதி வாங்கின. உள்ளங்கைக்குள் அடங்கும் ‘555’ முத்திரைக் குறிப்பேடு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இத்தகைய கடன் கணக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இந்த ஏற்பாட்டில் கடைக்காரர் ஆலோசகரும் ஆனார். மாதக் கடைசியில் கணக்கு ஏறிக்கொண்டே போனால், உயர்ரக அரிசியைத் தவிர்த்து மலிவான அரிசியை எடுத்துக்கொள்ளுமாறு அவரே சொல்வார். பாக்கி வராமற்போனால் நட்டம் அவருக்குத்தான் என்பதால் அந்த அறிவுரையில் தன்னலமும் அக்கறையும் ஒன்றாகவே கலந்திருந்தன. இதன் மறுபக்கத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது: பாக்கி வைத்தவர் வேறு கடைக்குப் போக முடியாது, விலையைக் கேள்வி கேட்கவும் முடியாது. இந்தக் கடைகளை இன்று ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் பலர் இந்தப் பிணைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடனும் கடையுமே ஒரு மனிதரை உயர்த்திய வரலாறும் இதே சாலையில் உண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து 1905-இல் சிங்கப்பூர் வந்து மளிகைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த பெ. கோவிந்தசாமிப் பிள்ளை, பின்னர் கடன் பெற்றுச் சொந்தக் கடை தொடங்கி, மளிகையிலிருந்து சேலை வணிகம் வரை விரிந்து, பி.ஜி.பி. என்ற மூன்றெழுத்தை வீடுதோறும் அறிந்த பெயராக்கினார். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் 1965-இல் திறக்கப்பட்ட திருமண மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விற்பவரின் அறிவுரை இன்றும் உயிரோடிருக்கும் இடம் தேக்காவின் மசாலாக் கடை. வாங்க வருபவர் பொருளின் பெயரைச் சொல்வதில்லை, சமையலைச் சொல்கிறார். மீனா ஆட்டிறைச்சியா, எத்தனை பேருக்கு, தேங்காய்ப்பால் சேர்ப்பதுண்டா, குழந்தைகள் சாப்பிடுவார்களா என்று கடைக்காரர் கேட்டு, அரைத்து வைத்த மல்லி, மிளகாய், மஞ்சள், சோம்பு, இஞ்சி பூண்டு ஆகியவற்றை அதற்கேற்ற விகிதத்தில் கரண்டியால் எடுத்துக் கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார். மீன் குழம்பென்றால் வெந்தயம் சேரும். ஆட்டிறைச்சிக்குப் பட்டையும் கிராம்பும் தூக்கலாக இருக்கும். எந்தக் கட்டத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லித்தான் அனுப்புகிறார். சீன, மலாய் வாடிக்கையாளர்களும் நாடி வரும் இக்கடைகளில் விலையை விட அந்தச் சில வினாக்களே மதிப்புடையவை.

மாற்றத்தின் பெரும்பகுதி 1970களில் நிகழ்ந்தது. தொழிற்சங்கங்களின் முயற்சியால் 1971-இல் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் உருவானது. விலையேற்றமும் பதுக்கலும் மக்களை வாட்டிய 1973-ஆம் ஆண்டு ஜூலையில், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் ‘வெல்கம்’ என்ற கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. அதுவே 1983-இல் மற்றொரு தொழிற்சங்கக் கூட்டுறவுடன் இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. அரிசி போன்ற அத்தியாவசியப் பொருள்களை நியாய விலையில் விற்று ஏனைய வணிகர்களின் விலையையும் கட்டுக்குள் வைப்பதே அதன் நோக்கம். வழக்கமான கடைக்காரரிடம் விலை கேட்கத் தயங்கிய தொழிலாளிக்கு, எழுதி ஒட்டிய விலை முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் சுதந்திரத்தைத் தந்தது.

இதே காலத்தில் சிராங்கூன் வட்டாரத்துக்குள்ளேயே பேரத்துக்கு மாற்று பிறந்தது. 1971-இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை வணிகமாகத் தொடங்கிய முஸ்தஃபா நிறுவனம், 1973-இல் மின்னணுப் பொருள்களுக்கும் விரிந்து, பேரம் பேசாத ஒரே விலையைக் கொள்கையாக வைத்தது. 1995-இல் சையது ஆல்வி சாலையில் எழுந்த அதன் பேரங்காடி 2003 முதல் இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கி, 2020-இல் பெருந்தொற்று குறுக்கிட்டபோது அவ்வழக்கத்தைக் கைவிட்டது. நள்ளிரவு வேலை முடிந்து வரும் வெளிநாட்டு ஊழியர் ஏமாறுவோமோ என்ற அச்சமின்றி ஊருக்குக் கைக்கடிகாரமும் பெட்டியும் வாங்க முடிந்ததற்கு அந்த ஒரே விலை ஒரு காரணம்.

பேரம் ஒரேயடியாக மறையவில்லை. நகைக் கடையில் அது வேறு வடிவம் கொண்டது. பவுன் என்பது எட்டுக் கிராம். 916 என்ற முத்திரை 22 காரட் தூய்மையைக் குறிக்கும். அன்றைய தங்க விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே பேச்சு செய்கூலி, அதாவது நகையைச் செய்வதற்கான கூலி, பற்றியே நடக்கிறது. 1994-இல் மூன்று விழுக்காடாக அறிமுகமான பொருள், சேவை வரி, 2012 அக்டோபரில் முதலீட்டுத் தங்கக் கட்டிகளுக்கு விலக்கப்பட்டும் ஆபரணங்களுக்குத் தொடர்கிறது. தாலியும் வளையலும் வாங்கும் நடுத்தரக் குடும்பம் வரி கட்ட, தங்கக் கட்டி வாங்கும் முதலீட்டாளர் கட்டாமலிருப்பது வணிகக் காரணங்களால் விளக்கத்தக்கதே. குடும்பங்களின் பார்வையில் அது நியாயமாகத் தோன்றாது.

பழைய நம்பிக்கையின் இடத்தைப் பின்னர் சட்டம் பிடித்தது. 1985-இல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் அமைந்தது. 2003-இல் நியாய வர்த்தகச் சட்டம் நிறைவேறியது. 2012 செப்டம்பர் முதல், வாங்கி ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகக் கருதப்படுகிறது. ஏமாற்றும் வணிகர்களை விசாரிக்கும் அதிகாரம் 2016-இல் அரசு அமைப்பு ஒன்றுக்கு வழங்கப்பட்டது. கடன் பிணைப்பின்றி உரிமையோடு முறையிட முடிவது ஐயமின்றி முன்னேற்றமே. ஆனால் குடும்பத்தின் வருமானத்தை அறிந்து, இது இம்மாதம் வேண்டாம் என்று சொல்லும் குரலை எந்தச் சட்டமும் தரவில்லை என்பதும் உண்மை.

அக்குரலின் எழுத்துச் சான்றுகள் பழைய மளிகைக் கடைகளின் தமிழ்க் கணக்கேடுகளிலும் 555 புத்தகங்களிலும்தாம் இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்தக் குடும்பம் என்ன வாங்கியது, எதைத் தள்ளிப்போட்டது என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது. கேம்பல் லேனிலேயே 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இயங்கி வருகிறது. வீட்டுப் பரண்களில் இத்தகைய ஏடுகளை வைத்திருப்போர் அவற்றைப் பழைய தாளாக எடைக்குப் போடாமல், அங்கு காட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும்.