விசித்திரசித்தனின் கழித்தல்: மண்டகப்பட்டுக் குடைவரையும் சிறுதொழில் முனைவின் படைப்புச் சிந்தனையும்

சிறுதொழில் தொடங்க விரும்பும் ஒருவர் மாவட்டத் தொழில் மையத்தின் படியேறும்போது அவர் கையில் இருக்க வேண்டிய முதன்மையான தாள் திட்ட அறிக்கை. இடம், கட்டடம், இயந்திரம், மின் இணைப்பு, நடைமுறை மூலதனம் என்று தேவைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையை எழுதும் ஆவணம் அது. கடன் தரும் வங்கிக்கு அந்த வரிசை வேண்டியதுதான். ஆனால் அதையே சிந்தனையின் வரிசையாகவும் பயிற்சி வகுப்புகள் கற்பித்துவிடும்போது, தொழில் என்பது பட்டியலில் உள்ளவற்றை வாங்கி முடித்த பிறகு தொடங்குவது என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. பட்டியலை நிரப்ப முடியாதவர் தொழிலையே கைவிடுகிறார். இன்றியமையாதவை என்று வழக்கம் சொல்பவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, எதைக் கழிக்கவே முடியாது என்று கண்டறியும் திறனே படைப்புச் சிந்தனையின் உயிர்நாடி என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்று செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், ஒரு பாறை முகத்தில் இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயில் அது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் விசித்திரசித்தன் என்னும் மன்னன் இக்கோயிலை ஆக்குவித்ததாகக் கூறுகிறது. கட்டுவித்தவர் தாம் செலவிட்டதைச் சொல்லிப் பெருமைப்படுவது இயல்பு. இக்கல்வெட்டோ விலக்கியவற்றை எண்ணிச் சொல்கிறது. அவ்வாறு எண்ணிச் சொன்னவன் தன்னைப் புதுமை நாடும் உள்ளத்தான் என்று பொருள்படும் பட்டப்பெயரால் குறித்துக்கொண்டதும் கவனத்துக்குரியது. அக்காலத்தில் கோயில் என்றால் இந்த நான்கு பொருள்களும்தான். பாறை அருகிலேயே இருந்தும் கோயிற்பணிக்குக் கல் ஏன் நெடுங்காலம் கையாளப்படவில்லை என்பதற்கு, கல் இறந்தோர் நினைவோடு பிணைக்கப்பட்டிருந்ததே காரணம் என்று பல்லவர் குடைவரைகளை ஆராய்ந்த கே.ஆர். சீனிவாசன் கருதினார். அக்கருத்தை ஏற்றால், ஊரெங்கும் நின்ற பாறையை மூலப்பொருள் என்று எண்ணவிடாமல் தடுத்தது வழக்கமே. மேலாண்மை ஆய்வாளர் சாரஸ் சரஸ்வதி 2001-இல் வெளியிட்ட கட்டுரையில், தொழில்முனைவோரின் போக்கை அடுக்களையில் இருப்பதைக் கொண்டு சமைப்பவரோடு ஒப்பிட்டார். மண்டகப்பட்டு அதற்கு ஒரு படி முன்னே செல்கிறது. கண்ணெதிரே இருப்பதைக் கைப்பொருளாக எண்ணுவதற்கே முதலில் வழக்கத்தை ஐயுற வேண்டியிருக்கிறது.

கழித்தல் என்பது எல்லாவற்றையும் உதறுவதாகாது. குடைவரையின் தூண்களைக் கவனித்தால் அது விளங்கும். அடியும் முடியும் சதுரமாக, நடுப்பகுதி எட்டுப் பட்டையாக அமைந்த அத்தூண்களின் தலையில் போதிகை இருக்கிறது. மரக் கட்டடத்தில் உத்தரத்தைத் தாங்க வேண்டி வைப்பது போதிகை. ஒரே பாறையில் குடைந்தெடுத்த மண்டபத்தில் தனி உத்தரமும் இல்லை, அதை ஏந்தும் வேலையும் போதிகைக்கு இல்லை. ஆயினும் சிற்பி அதைச் செதுக்கினார். வழிபட வருவோர் கோயில் என்று அறிந்துகொள்ளும் வடிவம் அதுதான் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். பொருள் மாறியது, அடையாளம் நின்றது. வேலைமுறையும் புதிதாக அமைய வேண்டியிருந்தது. பிழைபட்ட செங்கல்லைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம், பெயர்ந்த பாறையை ஒட்ட முடியாது. முற்றுப்பெறாத மாமல்லபுரக் குடைவரைகளில், பாறை முகத்தைச் சிறு சிறு கட்டங்களாகக் கோடிழைத்து, ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பெயர்த்த தடத்தை இன்றும் பார்க்கலாம். பெரிய இழப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துவிடும் அந்த உத்தி, முழு முதலையும் ஒரே நாளில் இறக்காமல் சிறு அளவில் விற்றுப் பார்க்கும் வணிகரின் உத்தியே. கழிக்கும் துணிவு, வாங்குவோர் அறியும் அடையாளத்தைக் காக்கும் நிதானம், இழப்பைப் பங்கிடும் தொழில்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முனைவு.

இதே மூன்றையும் அண்மைக்காலத்தில், செஞ்சியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் காணலாம். ஷாம்பு என்றால் புட்டி என்ற வழக்கத்தைக் கழித்து, ஒரு முறை தலைக்குத் தேய்க்கும் அளவைச் சிறு பாக்கெட்டில் விற்க முனைந்தவர் அவ்வூர்ச் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியே தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு வழியாகக் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. புட்டி போனது, நுரையும் மணமும் நின்றன. நாட்கூலி பெறும் குடும்பம் மாத இருப்பாக வாங்க முடியாத பொருளை அன்றைய தேவைக்கு வாங்க முடிந்தது. புட்டி வாங்க முடியாமை வாடிக்கையாளரின் குறையாகவே கருதப்பட்டு வந்தது. பாக்கெட் அதைப் பொருளின் குறை என்று காட்டியது.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மகேந்திரன் முன்னோடி அல்லன் என்பது. அசந்தாவின் குடைவரைகள் பல நூற்றாண்டு மூத்தவை, வாதாபியின் மூன்றாம் குகையே 578-ஆம் ஆண்டினது. இது உண்மை. ஆனால் ஓரிடத்தில் அறிந்த உத்தியை வேறோர் இடத்தின் பாறைக்கும் வழிபாட்டுக்கும் பொருந்தச் செய்வதும் படைப்பே. தொண்டை மண்டலத்தின் கடும்பாறை வாதாபியின் மணற்கல் அன்று, உளிக்கு எளிதில் இணங்காது. உலகில் எவரும் செய்யாததைச் செய் என்று சிறுதொழில் முனைவோரைத் துரத்துவது வீண். அவர் ஊரில் எவரும் செய்யாததே போதும். இரண்டாவது மறுப்பு வலுவானது: கழித்தது கருவூலம் உடைய அரசன், ஏழைக்கு இல்லாமை விருப்பத் தேர்வன்று. ஆகவே கழித்தல் கடனுக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. மலிவான கடன் எளியவரின் உரிமை. கழித்துப் பார்த்தவர் கேட்கும் கடன் சிறிதாகவும், தவணை கட்டக்கூடியதாகவும் இருக்கும் என்பதே என் வாதம். மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியின் வறண்ட நிலத்தில் வேரூன்றியது. அத்தொழில் பரவியபோது ‘கையில் இருப்பது’ என்று எண்ணப்பட்டவற்றில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. ஷாம்பு பாக்கெட்டின் நெகிழியும் இன்று சாக்கடைகளை அடைக்கிறது. கழிக்கும்போது தன் செலவைப் பிறர் தலையில் ஏற்றிவிடுவது படைப்பாகாது. தொழிலாளியின் கூலி, பாதுகாப்பு, ஊரின் தூய்மை ஆகியவை கழிக்கக் கூடாதவற்றின் பட்டியலில் முதலில் நிற்க வேண்டும்.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்ற கேள்வி இன்று செஞ்சிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்ற 12 மராத்தியர் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி மட்டுமே. வருகையாளர் பெருகினால் விடுதி, குளிரூட்டிய உணவகம் என்ற பட்டியல்களோடு வெளியூர் முதலீடு வரும். அவற்றோடு உள்ளூர்ப் பெண் ஒருவர் பட்டியலுக்குப் பட்டியல் போட்டியிட முடியாது. கோட்டையின் இராசகிரி மலைப் படிகளில் ஏறி இறங்கியவருக்கு உண்மையில் வேண்டுவது நிழல், தண்ணீர், பசிக்கு ஏதேனும் ஒன்று. கட்டடத்தைக் கழித்தால் ஒரு வேப்பமரம் மிஞ்சும். உணவுப்பட்டியலைக் கழித்தால் இப்பகுதியில் விளையும் மல்லாட்டை என்னும் நிலக்கடலை மிஞ்சும். உப்பிட்டு அவித்து, சூடாக, மந்தார இலையில் மடித்துத் தந்தால் அது செஞ்சியின் பெயர் சொல்லும் பண்டம். நெகிழி உறையும் இல்லை, பெருங்கடனும் இல்லை. சுத்தம் மட்டும் கழிக்கக் கூடாதது. பயிற்சி நிறுவனங்கள் திட்ட அறிக்கைக்கு முன்பாக இன்னொரு தாளை எழுதச் சொல்லலாம்: எவை இல்லாமல் நாளைக்கே தொடங்க முடியும், எது இல்லாவிட்டால் இது இத்தொழிலே ஆகாது, எதைக் கழித்தால் பிறர் துன்புறுவர் என்ற மூன்று கேள்விகளுக்கான விடைத்தாள். முதற்கேள்விக்குரிய விடையை நான்கு பொருள்களின் பெயரால் எழுதிக் காட்டிய பாறை, செஞ்சி மாணவர்கள் ஒரு காலையில் பேருந்தில் போய்ப் பார்த்துவரும் தொலைவில் நிற்கிறது. முதல் வகுப்பை அங்கேயே நடத்தலாம்.